ஏழு நிமிஷம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடும்போதுதான்
என் கல்லாப்பெட்டி திறக்கும்.
மன்னார்குடி பஸ், நெல் லாரி, கல்யாண வேன்
வரிசையில் நிற்க,
ஜன்னல் வழியே நீளும் கைகளுக்கு
இருபத்திரண்டு வருஷமாய் டீ ஆற்றுகிறேன்.
லைட்டா, ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா
முகம் பார்த்தே போட்டுவிடுவேன்.

போன ஆடியில் டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார்.
வயிற்றில் புண்.
'ஒரு நாளைக்கு எத்தனை டீ?'
பதம் பார்க்க வாய்க்குள் போவதெல்லாம் கணக்கா?
'நிறுத்திருங்க' என்றார்,
நாதஸ்வரக்காரனிடம்
மூச்சு விடாதே என்பதுபோல.

வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்கவில்லை.
கொய்யா இலை நாலு பறித்துப்
பத்து நிமிஷம் கடைக் கொதி கொதிக்கவிட்டேன்.
ஈரச் சாக்கைக் கடித்த ருசி.
மறுநாள் ஆவாரம்பூ.
அதையும் விடாமல் காய்ச்சிப்
பவுனம்மாளிடம் நீட்டினேன்.
தையல் மிஷினை நிறுத்தி ஒரு வாய் குடித்தாள்.
'கழுநீர்த் தொட்டிக்குப் போக வேண்டியது
வழி தப்பி வந்துருச்சு.'

சிலிண்டர் தீர்ந்த அன்றுதான் பிடிபட்டது.
தண்ணீர் ஒரு கொதி வந்ததும் அடுப்பு அணைந்தது.
கிள்ளி வைத்த எலுமிச்சைப்புல்லைப் போட்டுத்
தட்டால் மூடிவிட்டு,
மாற்று சிலிண்டரோடு மல்லுக்கட்டி வந்து
தட்டைத் தூக்கினால்
எலுமிச்சையே இல்லாத எலுமிச்சை வாசம்
மூக்கில் ஏறுகிறது.
தீயில் ஓடிப்போயிருக்க வேண்டியது
தட்டுக்கடியில் உட்கார்ந்திருந்தது.
வாழ்நாளெல்லாம் விரட்டி விரட்டிக் கொதிக்கவிட்டவனை
ஏழு நிமிஷம் சும்மா இரு என்றது
ஒரு புல்.

துளசி மூன்று இலை போதும்.
கூடினால் பெருமாள் கோயில் தீர்த்தம்;
டம்ளரை வைத்துவிட்டுக் கை குவிக்கத் தோன்றும்.
புதினாத் தண்டு, கட்டிலிருந்து வாங்கியதுதான்,
ஓட்டை வாளியில் செருகினால் பிழைத்துக்கொள்ளும்.
பனங்கற்கண்டு வேண்டுமானால்
வாய் பொறுக்கும் சூட்டில்.
மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் வந்த வாரம்
அடிபம்பில் உப்புக் கரிப்பது குறையும்;
அந்த வாரம் எதைப் போட்டாலும் நன்றாக இருக்கும்.

சங்குப்பூ தண்டவாள வேலியில் சும்மா பூக்கிறது.
பேப்பரில் பரப்பி நிழலில் காயவைத்தேன்.
ஐந்து பூவுக்கு ஒரு டம்ளர்,
பேனா மை கொட்டியது போல நீலம்.
எலுமிச்சை ஒரு சொட்டு விட்டேன், ஊதாவானது.
பவுனம்மாள் மிஷினைவிட்டு எழுந்தே வந்தாள்.
'இன்னொரு சொட்டு விடுங்க.'
ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து
டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
குடித்தாளா என்று கேட்காதீர்கள்.
டம்ளர் காலியாயிருந்தது.

புண் ஆறுமா, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
மாத்திரை தனியாகப் போகிறது.
கடையில் இன்றைக்கும் டீதான்.
ரயிலுக்கு அரைமணி நிற்கிற ஜனம்
டம்ளருக்கு ஏழு நிமிஷம் நிற்காது.

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு
கேட் கீப்பர் ஜெனோவா வந்தாள்.
'டீ வேணாம்ணே,
காலைல வீட்டுக்குப் போயும் கண்ணு மூட மாட்டேங்குது.'
எனக்கென்று ஊற வைத்திருந்ததை
மூடியோடு கொடுத்தேன்.
'இப்பத் திறக்காத.'
கூட்ஸ் வந்தது.
பச்சை விளக்கை ஒரு கையில் பிடித்து
இன்னொரு கையால் டம்ளரைப் பொத்தி நின்றாள்.
நாற்பது பெட்டியாவது இருக்கும்.
கடைசிப் பெட்டி தாண்டியதும் ஒரு வாய்.
'சர்க்கரை போடலையா?'
'இல்ல.'
'தெரியுது' என்றாள்.

இன்றைக்கு ட்யூட்டிக்கு வரும்போது
கையில் காலி பிளாஸ்க்.